சென்னைமாநகர் நூனிலையங்கள்

எமது கல்லூரி வாசிகசாலையிலே பத்திரிகை படித்துத் தொடங்கிய பழக்கம் சிலரிடத்துப் பின்னர் ஆராய்ச்சி ஆர்வமாக முதிர்வதுண்டு. அத்தகைய மாணவர் தமிழ், சைவம், வரலாறு என்னும் துறைகளில் ஏதேனும் ஒன்றைப் பற்றிச் சிறிது ஆழமாகக் கற்கத் தலைப்பட்டால், இன்றோ நாளையோ சென்னைக்குச் செல்லவேண்டியவராகின்றனர். செல்வோருட் பலர் ஒரு நூனிலையத்தின் பெயரை மாத்திரம் கேட்டறிந்து சென்று, தேடிய நூல் அங்கே கிடையாதாயின், அது எங்குமே இல்லையென்று முடிவுகட்டித் திரும்பிவிடுகின்றனர். அங்ஙனம் திரும்புவது வருந்தத்தக்கது. அந்நகரின் நூனிலையங்கள் ஒரே வகையின அல்ல. ஒன்று பொதுமக்களுக்கு உரியது, ஒன்று பல்கலைக்கழகத்தாருக்கு, ஒன்று ஏட்டுச்சுவடிக்கு, ஒன்று அரசாங்கக் கடிதங்களுக்கு. எது எதன்பொருட்டுத் தோன்றியது என்பதை அறிந்தவனே எதனை எங்கே தேடுவது என்பதையும் அறிவான். ஆதலின் அவற்றின் வரலாற்றை இங்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி மலரிலே சென்னை நூனிலையங்களைப் பற்றிய பேச்சு எதற்கு என வினவுவாரும் உளர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1849 ஆம் ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தே வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பின்னர் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1857 ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் வெளிவந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. கலித்தொகை 1887 ஆம் ஆண்டு அவர் பதிப்பாகவே அச்சேறியது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலே எம்மவர் எழுதியவும் பதிப்பித்தவுமாகிய நூல்களிற் கணிசமானவை சென்னையில் அச்சிடப்பட்டன. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கிய தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அழிந்தபின், அந்நூல்களுட் சிலவற்றின் மறுபிரதியை எம்மவர் தேடிச்செல்லும் இடங்களுள் ஒன்றாகவும் சென்னை ஆயிற்று. எரிந்துபோன ஏட்டுச்சுவடிக்கு மறுபிரதி இல்லை. அச்சு நூலுக்கோ எங்கோ ஒரு பிரதி எஞ்சியிருத்தல் கூடும். அதனைத் தேடும் முறையை அறிந்திருத்தல் எமக்கு ஒரு கடனாகின்றது.

முதலிற் கன்னிமாரா பொது நூனிலையம். எழும்பூரிலே பாந்தியன் வீதியில் அரும்பொருட்சாலை வளவினுள் இஃது அமைந்துள்ளது. கிழக்கிந்தியக் கம்பனியார் தம் உத்தியோகத்தரைப் பயிற்றுவதற்கு இங்கிலாந்திலே ஹெயிலிபரி என்னுமிடத்தில் ஒரு கல்லூரி நடத்தினர். அக்கல்லூரி மூடப்பட்டபின் அதன் நூல்களில் மிகுதியாயிருந்தவை 1861 ஆம் ஆண்டு சென்னைக்கு அனுப்பப்பட்டு அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டன. இவ்வாறு வேண்டாதனவென்று ஒதுக்கப்பட்ட நூல்களே ஒரு பெரிய நூனிலையத்துக்கு வித்தாயின. கன்னிமாரா பிரபு தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1890 ஆம் ஆண்டு மார்ச்சு 22 ஆந் திகதி, தனிக்கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த மண்டபம் 1896 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆந் திகதி திறக்கப்பட்டது. அப்பொழுது சென்னைத் தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் ஹவ்லொக் அதற்கு முந்திய ஆண்டுவரை இலங்கையில் தேசாதிபதியாயிருந்தவர் என்பது எம்மவர்க்கு ஒரு சுவையான செய்தி.

தேக்குமரப் பேழைகளும் நிறக்கண்ணாடிகளும் சித்திரவேலைப்பாடு கொண்ட விதானமும் உடைய அம்மண்டபத்தைக் கண்டோர் புகழாது போவதில்லை. ஆயினும் ஆராய்ச்சியாளனுக்கு அம்மண்டபத்திலும் பெரிது ஒரு சட்டம். 1954 ஆம் ஆண்டு இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியையும் நான்கு நூனிலையங்களுக்கு வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்புதல் வேண்டும். கல்கத்தா, பம்பாய், டெல்லி என்னும் நகரங்களிலுள்ள மூன்றோடு கன்னிமாராவும் ஒன்று. ஈழத்து எழுத்தாளர் தம் நூலைச் சென்னையில் வெளியிட்டாற்கூட அதன் பிரதி அங்கே சேரவேண்டும் என்பது விதி. அனுப்பாது விடும் வெளியீட்டாளரும் இருப்பர். ஆகவே எல்லாம் இருக்கும் என்று எண்ணிச் செல்லுதல் ஆகாது. 1867 ஆம் ஆண்டிலேயே அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்யும் சட்டம் இந்தியாவில் வந்துவிட்டது. அதன்படி அச்சான நூல்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கொருமுறை அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்தது. நூல் கிடையாவிட்டாலும் அது அச்சானது என்பதற்கு அப்பட்டியல் சான்று. இலங்கையிலும் 1885 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று அச்சகத்தார் தம் நூற்பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமென விதித்தது. ஆதலின் ஒரு நூல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்றா, சென்னையில் அச்சாயிற்றா என்பதை முதலில் அறிந்துகொள்பவர் பாதி வழியைக் கடந்தவராவர்.

இனி, சென்னைப் பல்கலைக்கழக நூனிலையம். இதனைப் பற்றிச் சிறிது விரித்தே கூறுதல் வேண்டும்; இந்நூனிலையத்திலிருந்து எழுந்த கொள்கை ஒன்று எமது யாழ்ப்பாண நகரையும் வந்தடைந்தது.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் அவதரித்த சீகாழியிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிற் கணித ஆசிரியராயிருந்தவர். 1924 ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் முதலாவது நூனிலையப் பொறுப்பாளராக நியமனம் பெற்றார். வகுப்பிலே பேசிப் பழகியவருக்கு, வருவாரின்றிக் கிடந்த நூனிலையத்தில் அமர்ந்திருத்தல் பெருந் தண்டனையாகத் தோன்றிற்றாம். அதே ஆண்டில் இலண்டனுக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்ட அவர், அங்குள்ள நூனிலையங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தபின் முற்றும் மாறியவராய்த் திரும்பினார். நூனிலையம் என்பது புத்தகங்களைப் பூட்டிக் காக்கும் பண்டசாலையன்று. அவற்றை உரியவர் கையிற் சேர்ப்பிக்கும் தொழிலகம் என்பது அவர் கண்ட உண்மை. சென்னையில் அவர் பேழைகளைத் திறந்துவிட்டார். வாசகர் தாமே சென்று நூலை எடுத்துப் பார்க்கலாயினர். வாசிப்பு நேரத்தையும் நீட்டினார். நூனிலையத் தொழில் பற்றிய ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூல் 1931 ஆம் ஆண்டு வெளிவந்தது. நூல் பயன்படுவதற்கே உரியது, அதனைத் தேடி வருவோரின் காலம் வீணாகலாகாது, நூனிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பன அவ்விதிகளின் சாரமாம். கேட்பதற்கு எளியன, நடைமுறையிற் கடைப்பிடிப்பதற்கு எளியன அல்ல என்பதைத் திறப்புக்கோவையோடு உலாவும் நூனிலையப் பொறுப்பாளரைக் கண்டோர் அறிவர்.

இரங்கநாதன் புகழ் உலகெங்கும் பரவியது அவர் வகுத்த நூற்பகுப்பு முறையால். இலண்டனிலே விளையாட்டுப் பொருட்கடை ஒன்றில், துளையிட்ட சில இரும்புத் துண்டுகளையும் ஆணிகளையும் கொண்டு சிறுவர் எத்தனையோ வகையான பொம்மைகளைப் பூட்டுவதை அவர் கண்டார். சில துண்டுகளால் எண்ணிறந்த உருவங்களை ஆக்கலாமெனின், சில அடிப்படைக் குறிகளால் எண்ணிறந்த நூற்பொருள்களையும் குறிக்கலாமன்றோ? அக்காலத்து வழங்கிய டூயியின் தசாம்சப் பகுப்பு, 1876 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. அது பொருள்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எண் கொடுப்பது. அவ்வரிசையில் சமயத்துக்கெனப் பிரிக்கப்பட்ட இருநூறு என்னும் தொகுதியிற் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே சென்றது. ஏனைய சமயங்கள் யாவும் இறுதியிலுள்ள ஒரு மூலையில் நெருக்குண்டன. சைவசித்தாந்த நூல்களுக்கு எண் கொடுக்க முயன்ற எந்த இந்துக்கல்லூரி நூனிலையத்தாரும் அவ்விடர்ப்பாட்டை அறிவர். இரங்கநாதன் முறையோ வேறு. ஒரு நூலின் பொருளை எடுத்து, அது யாதினைப் பற்றியது, எதனாலாயது, என்ன வினை நிகழ்கின்றது, எவ்விடத்து, எக்காலத்து எனக் கூறுபடுத்தி, ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய குறியைத் தொடுத்து எண் அமைப்பது. யாழ்ப்பாணத்து நெற்பயிரின் நோயைச் சென்ற நூற்றாண்டில் நீக்கிய வரலாறு என ஒரு நூல் இருப்பின், நெல், நோய், நீக்கல், யாழ்ப்பாணம், நூற்றாண்டு எனத் துண்டுகளைப் பூட்டி அதற்கு ஓரிடம் வகுக்கலாம். கூறுகளைப் பிரித்தற்கு முக்காற்புள்ளி போன்ற குறியை இட்டமையின் அம்முறை அக்குறியின் பெயராலேயே வழங்குகின்றது. 1933 ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த இம்முறையை அவர் பிற்காலத்தும் திருத்தி விரித்தார். இம்முறையின் எண்கள் நீண்டு, வாசகரை மருட்டும் என்பதை மறுப்பதற்கில்லை. உலகின் பெரும்பாலான நூனிலையங்கள் டூயியையே இன்றும் விடாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் பொருளைக் கூறுபடுத்தி நோக்கும் நெறி இன்று கணினித் தேடலிலும் பயன்படுகின்றது.

மெரீனாக் கடற்கரையை நோக்கிய பல்கலைக்கழக நூனிலையக் கட்டடத்தில் 1936 ஆம் ஆண்டு தொடங்கி நூல்கள் குடியேறின. 1944 ஆம் ஆண்டு வரை இரங்கநாதன் அங்கே பணியாற்றினார். சட்டம் இன்றி நூனிலையம் நிலைக்காது என்பது அவர் துணிபு. செல்வர் ஒருவர் உவந்து கொடுத்தால் வாழ்வதும், அவர் மக்கள் மனம் மாறினால் மாய்வதும் நூனிலையத்துக்கு ஆகாது. வீதிவிளக்குப் போல ஊரவர் வரிப்பணத்தில் எரிதல் வேண்டும் என வாதாடினார். 1928 ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை நூனிலையச் சங்கத்தின் வாயிலாக அவர் செய்த முயற்சி இருபது ஆண்டுகளின் பின் பயன் தந்தது. சுதந்திர இந்தியாவின் முதலாவது பொது நூனிலையச் சட்டம் 1948 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. சொத்து வரியோடு நூனிலைய வரியாக ஒரு சிறு பங்கு அறவிடப்படலாயிற்று. 1950 ஆம் ஆண்டு கன்னிமாரா மாநில மத்திய நூனிலையமாயிற்று. அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் நூலகமும், நகரின் வட்டாரங்கள் தோறும் உள்ள கிளைகளும் இச்சட்டத்தின் வழி வந்தவையே.

யாழ்ப்பாணத்திலே பொது நூலகம் கட்ட முற்பட்ட பெரியார், ஆலோசனை வேண்டி நாடியதும் இவ்விரங்கநாதனையே. கட்டடத்துக்குத் திட்டம் வரைந்த நரசிம்மனும் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1959 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் வெண்மையான முகப்பையும் அகன்ற வாசிப்பு மண்டபங்களையும் எமது பழைய மாணவர் பலர் நன்கறிவர்.

அச்சு நூலை விடுத்து ஏட்டுச்சுவடியைத் தேடுவோர் செல்லவேண்டிய இடம் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூனிலையம். 1869 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இதற்கு அடிப்படையாயமைந்தவை கேணல் கொலின் மெக்கன்சி, ஜோன் லெய்டன், சி. பி. பிறவுண் என்னும் மூவர் திரட்டியவை. மெக்கன்சி நில அளவையாளர். நாட்டை அளக்கச் சென்ற இடமெல்லாம் ஏடு, கல்வெட்டுப் படி, ஊர் வரலாறு என அனைத்தையும் காவலி வேங்கட பொறையா முதலிய உள்நாட்டு உதவியாளரைக் கொண்டு சேர்த்தார். 1821 ஆம் ஆண்டு அவர் இறந்தபின் கம்பனியார் அத்திரட்டினை அவர் மனைவியாரிடமிருந்து விலைக்கு வாங்கினர். ஒரு பகுதி இலண்டனுக்கும் ஒரு பகுதி சென்னைக்குமாகப் பிரிந்தது. பல்லாண்டுகள் கடற்கரையில் இருந்த இச்சுவடிகள் இப்பொழுது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் உள்ளன. ஏறத்தாழ 70,000 சுவடிகளுள் வடமொழிக்கு உரியனவே மிகுதி.

ஏடு எத்துணைக் காலம் இருக்கும்? எமது நாட்டுப் பனையோலையைப் பதப்படுத்தி, எழுதி, மையூட்டி, எண்ணெய் பூசிப் பேணினாலும் முந்நூறு ஆண்டுக்கு மேல் நிற்பது அரிது. இராமபாணப் பூச்சியும் ஈரமும் அதற்கு முன்னரே தம் வேலையை முடித்துவிடும். ஆதலின் முன்னோர் ஏட்டைக் காக்கவில்லை, ஏட்டிலிருந்ததைக் காத்தனர். பழைய ஏடு முறியுமுன் புதிய ஓலையிற் பிரதி எழுதினர். எழுதுவோர் ஒரு தலைமுறை ஓய்ந்திருந்தால் அந்நூல் இறந்தது. சரசுவதி பூசையன்று சுவடிகளை எடுத்துத் தூசு தட்டி வைக்கும் வழக்கம் பத்தியோடு பராமரிப்பையும் சேர்த்து அமைத்த ஏற்பாடே. இன்று அந்நூனிலையத்தாரும் புல்லெண்ணெய் பூசுதல், படம் பிடித்தல் என்னும் முறைகளால் அதனையே வேறு வகையிற் செய்கின்றனர்.

பெசன்ட் நகரிலுள்ள மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூனிலையம் 1943 ஆம் ஆண்டு, ஐயரவர்கள் மறைந்த மறு ஆண்டில், நிறுவப்பட்டது. அவர் திரட்டிய ஏடுகளோடு, அவருக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களும் அங்கே பேணப்படுகின்றன. தாமோதரம்பிள்ளை எழுதிய கடிதங்களும் அவற்றுள் உண்டு. பதிப்பு வரலாற்றை முகவுரைகளைக் கொண்டு மாத்திரம் எழுதுவோர் இக்கடிதங்களையும் படித்தல் நன்று. அச்சிற் சொல்லாதவற்றைக் கடிதத்திற் சொல்லுவது அறிஞர்க்கும் இயல்பே. அடையாற்றிலே கேணல் ஒல்கொட் 1886 ஆம் ஆண்டு தொடங்கிய நூனிலையம் வடமொழி ஏடுகளாற் பெயர்பெற்றது. 1880 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலைகளின் எழுச்சிக்குக் காரணராயிருந்த அதே ஒல்கொட். மறைமலையடிகள் சேர்த்து வைத்த நூல்களைக் கொண்டு சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958 ஆம் ஆண்டு அமைத்த நூனிலையமும் சைவ மாணவர் மறவாது காணவேண்டியது. அது பின்னர் கன்னிமாரா வளவுக்கு இடம்பெயர்ந்தது.

ஆவணக் காப்பகம் வேறொரு வகை. எழும்பூர்ப் புகையிரத நிலையத்தின் அருகில், 1909 ஆம் ஆண்டு முடிவுற்ற செங்கட்டடத்திலே, பதினேழாம் நூற்றாண்டு முதலாக ஜோர்ச்சு கோட்டையில் எழுதப்பட்ட அரசாங்கக் கடிதங்களும் குறிப்பேடுகளும் அடுக்கப்பட்டுள்ளன. 1796 ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய கம்பனியார், முதலிற் சென்னையிலிருந்தே அவற்றை ஆண்டனர். சென்னை உத்தியோகத்தர் றொபேட் அன்றூஸ் இங்கு வந்து, தென்னை மரத்துக்கு வரி விதித்து, சென்னையிலிருந்து அமுல்தார்களையும் கொணர்ந்து, 1797 ஆம் ஆண்டுக் கலகத்துக்கு வித்திட்ட கதையைச் சரித்திர மாணவர் அறிவர். 1798 ஆம் ஆண்டு பிரெடெரிக் நோர்த் தேசாதிபதியாய் வந்து, 1802 ஆம் ஆண்டு இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாகும்வரை கம்பனியாரின் தொடர்பு அறவில்லை. இலங்கையிலிருந்து அக்காலத்துச் சென்ற கடிதங்களுக்கு விடை எங்கிருந்து வந்ததோ, அங்கே சென்று பார்த்தல் முறையன்றோ? மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைச் சேர்த்தனுப்பிய வரலாற்றை எழுத விழைவோருக்கும் சென்னை அரசாங்கக் கோவைகள் இன்றியமையாதவை. இங்கே நூல்களைப் போலப் பேழையிற் கைபோட்டு எடுத்தல் இயலாது. எந்தத் திணைக்களம், எந்த ஆண்டு, எந்தக் கட்டளை எண் என்பதைச் சுட்டிகளில் தேடி எழுதிக் கொடுத்தபின்னரே கட்டு வரும். பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதத்தோடு செல்வதும், முன்னரே எழுதி அனுமதி பெறுவதும் நலம்.

கற்றோர் குப்பையென ஒதுக்கியவற்றைத் திரட்டியவர் கோட்டையூர் றோசா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பழைய நூல் சேர்ப்பது அவர் பித்து. நாடக அறிவித்தல், திருமண அழைப்பிதழ், காலணாப் பாட்டுப் புத்தகம், நின்றுபோன சஞ்சிகை என எதனையும் அவர் விடவில்லை. 1992 ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்திரட்டினை வாங்கிற்று. நல்லூழாக அதனைக் கப்பலேற்றாது, தமிழ்நாட்டிலேயே வைத்து நுண்படம் பிடிக்கவும் ஆராய்ச்சி நூலகமாக்கவும் வழிசெய்தது. தரமணியில் இயங்கும் றோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூலைத் தேடுவோர் கன்னிமாராவிற் காணாததை இங்கே காண்பதுண்டு. ஒரு தனிமனிதர் சேர்த்ததை ஓர் அரசாங்கம் சேர்க்கவில்லை என்பது இரங்கநாதன் வாதத்துக்கு மாறுபோலத் தோன்றும். ஆயினும் அம்மனிதர் மறைந்தபின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முன்வந்திராவிடின் அத்திரட்டு என்னாயிருக்கும் என்று எண்ணும்போது, அவ்வாதம் பின்னும் வலுப்பெறுகின்றது.

சட்டமும் கட்டடமும் இருந்தாற் போதும் என்றும் அமைதி கொள்ளல் இயலாது. கோட்டூர்புரத்தில் ஒன்பது மாடிகளோடு 2010 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆந் திகதி திறக்கப்பட்டது அண்ணா நூற்றாண்டு நூலகம். அடுத்த ஆண்டில் ஆட்சி மாறியது. அதனை வேறிடத்துக்கு மாற்றி, அக்கட்டடத்தைச் சிறுவர் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 ஆம் ஆண்டு நவம்பரில் அரசு அறிவித்தது. மருத்துவமனை வேண்டாவென்று யார் கூறுவர்? ஆனால் நூலகத்தைக் குலைத்து அதனை அமைக்க வேண்டுமோ என்று வாசகரும் எழுத்தாளரும் வழக்காடினர். உயர் நீதிமன்றம் தடையுத்தரவு விதித்தது; நூலகம் பிழைத்தது. பார்வையற்றோருக்குரிய பிரெயில் பகுதியும் சிறுவர் பகுதியும் அங்குள்ளன. வாசகர் தம் சொந்த நூலைக் கொண்டுசென்று படிப்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றனர். வீட்டிலே தனியறை இல்லாத மாணவர் போட்டிப் பரீட்சைகளுக்கு அங்கே இருந்து படிப்பது, அத்துணைப் பெரிய கட்டடத்தின் சிறந்த பயன்களுள் ஒன்றென யாம் கருதுகின்றோம்.

தேடச் செல்லும் மாணவருக்கு இன்னும் ஒன்று. நூற்பட்டியல்களிலே எம்மவர் பெயர் ஒரே வடிவில் இருப்பதில்லை. தாமோதரம்பிள்ளையைச் ‘சி. வை.’ என்னும் முதலெழுத்தின் கீழும், ‘தாமோதரம்’ என்பதன் கீழும், உரோமன் எழுத்திலுள்ள பட்டியல்களில் வெவ்வேறு எழுத்துக் கூட்டல்களிலும் தேடிப் பார்த்தல் வேண்டும். நாவலர் சில இடத்து ஆறுமுகம், சில இடத்து ஆறுமுகநாவலர், சில இடத்து நல்லூர். பதிப்பாசிரியரை விடுத்து மூலநூலாசிரியர் பெயரில் மாத்திரம் பதிந்த பட்டியல்களும் உள. நிகண்டு, புராணம் என்பவற்றை நூற்பெயராலேயே தேடுவது எளிது. ஆசிரியர் பெயரிற் காணாதபோது ஊர்ப்பெயரைப் பார்க்க. வண்ணார்பண்ணை, சுன்னாகம், உடுப்பிட்டி, புலோலி என்பன ஆசிரியர் பெயர்க்கு முன்னே நின்று அகரவரிசையையே மாற்றிவிடும். அச்சான ஆண்டு தமிழ் வருடப் பெயராற் குறிக்கப்பட்டிருப்பின், அறுபது ஆண்டுக்கொருமுறை அப்பெயர் மீளுமாதலின், அச்சுக்கூடத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.